விலையில் வரி அடக்கம்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லாம் ஜிஎஸ்டி காலத்துப் பிள்ளைகள். கடையில் பில் போட்ட மறுநொடி அது கணக்கில் ஏறி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். உங்களுக்கு முன்னால் பேசச் சொல்லிக் கூப்பிட்டபோது, நான் சாதித்த கதை ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் அதெல்லாம் எனக்கே சலித்துப்போனவை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதில் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை, கடையும் மூழ்கவில்லை. ஆனாலும் என் முப்பது வருட வேலையில் அதை நினைத்தால்தான் இன்னும் முகம் சூடாகிறது.

தல்லாகுளத்தில் ஒரு மாடியறையில் என் அலுவலகம் இருந்தது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி. இருபதுக்கு மேற்பட்ட கடைகளுக்கு விற்பனை வரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று, எழுகடல் தெருப் பக்கத்துச் சந்தில் இருந்த பாத்திரக்கடை. அண்ணன், தம்பி இரண்டு பேர் பங்கு. பெயர் வேண்டாம். கடை ஆட்கள் அழைத்ததுபோலவே பெரியவர், சின்னவர் என்று வைத்துக்கொள்வோம். சௌராஷ்டிரக் குடும்பம். எங்களிடம் மதுரைத் தமிழ், தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அவர்கள் வீட்டு மொழி. அத்தனை வருடம் போய்வந்தும் எனக்கு அதில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

சின்னவர் கீழே கல்லாவில் இருப்பார். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கமிருந்து சீர்ப் பாத்திரம் எடுக்க வருகிறவர்களிடம் பேசிப் பேசியே ஓர் அண்டாவுக்கு வந்தவர்களை இரண்டு அண்டாவோடு அனுப்பிவைப்பார். பெரியவர் மாடியில். பேச்சு குறைவு. கொள்முதல், பேங்க், வரி எல்லாம் அவர் பொறுப்பு. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சின்னவருக்கு நான் மேடம்.

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் வாட் வரி வந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் பயந்துபோயிருந்த நேரம். இவர்களும் கீழே பில் போட ஒரு கம்ப்யூட்டரும் மாடியில் கணக்குக்கு ஒன்றும் புதிதாக வாங்கினார்கள். கீழே அன்றன்று போட்ட பில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, மறுநாள் காலையில் மாடியில் சொருகினால், எல்லாம் தானாகக் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த இணைப்பை அமைத்துக் கொடுத்தது நான்தான். ஒரு வாரம் ராப்பகலாகப் படித்துச் செய்தேன். எனக்கு அதில் பெருமை என்றால் அம்புட்டுப் பெருமை.

அதற்கு முன்பு என்ன வழக்கம் என்றால், சின்னவர் கடை அடைக்கும்போது பணத்தை எண்ணி, ஒரு துண்டுச்சீட்டில் தொகையை எழுதி, பணப்பைக்குள் போட்டு அண்ணனிடம் கொடுப்பார். காலையில் பெரியவர் சீட்டைப் பார்த்து, பணத்தைப் பார்த்து, பேங்கில் கட்டுவார். நான் அந்தச் சீட்டை நிறுத்தினேன். “இனிமே இதெல்லாம் வேண்டாம்ணே. மாடியில கம்ப்யூட்டர் காட்டுற தொகைதான் கணக்கு. அதப் பாத்துக் கட்டுங்க” என்றேன். பெரியவர் அறுபதை நெருங்கிய வயதில் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அது நழுவி நழுவி ஓடும்போது தானே சிரித்துக்கொள்வார்.

முதல் வாரத்திலேயே அவர் போன் செய்தார்.

“தங்கச்சி, கணக்குல நாப்பத்தோராயிரத்து அறுநூறு காட்டுது. பையில நாப்பதாயிரம்தான் இருக்கு. ஆயிரத்து அறுநூறு கொறையுதே?”

அன்றைக்கு என் மேஜையைச் சுற்றி நாலு கடைக்காரர்கள் வாட் படிவத்தோடு நின்றார்கள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சொன்னேன்: “கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டாதுண்ணே. கல்லாவுலதான் பாக்கணும்.”

“சரிம்மா, வைக்கிறேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. மாதக் கடைசியில் போய்ப் பார்த்தேன். கணக்கில் இருந்த ரொக்கமும் பேங்கில் கட்டிய ரொக்கமும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போயின. ஏதோ எண்ணிக்கைக் கோளாறு, சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரி வரிப் படிவம் போனது. பிப்ரவரியும் போனது. தை, மாசி இரண்டும் கல்யாண மாதங்கள். வியாபாரம் நன்றாக இருந்தது. கணக்கில் லாபமும் முந்தைய வருடத்தைவிட நன்றாகவே தெரிந்தது. ‘வாட் வந்தாலும் நம்ம கடை அசையல’ என்று நான் வேறு பல இடங்களில் சொல்லித் திரிந்தேன்.

மார்ச் மாதக் கடைசி. வெயில் சுட்டெரித்த ஒரு மதியம் சின்னவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. கல்லாவை விட்டு அந்த நேரத்தில் எழுந்து வருகிற ஆளும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. கடை நஷ்டத்துல ஓடுதா?”

“நஷ்டமா? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. வண்டியூர்ல தெப்பக்குளத்துக்கு அங்கிட்டு அண்ணன் ஒரு மனை பேசி வச்சிருந்தாரு. அட்வான்ஸ் குடுத்து ஒரு வருஷமாச்சு. இப்ப வேணாம்னு சொல்லிட்டாராம். அட்வான்ஸ் போனாப் போகட்டும்னுட்டாராம். புரோக்கர் வந்து எங்கிட்டச் சொல்றாரு. அண்ணி கழுத்துல சங்கிலியும் இல்ல. கேட்டா ரெண்டு பேருமே வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க.”

“கடைக் கணக்குல லாபம்தாங்க இருக்கு.”

“கல்லாவுலயும் ஒண்ணும் கொறை இல்ல மேடம். தெனமும் பில் மொத்தமும் பணமும் சரியாப் பாத்துட்டுத்தான் பைய அண்ணன்கிட்டக் குடுக்குறேன். அப்புறம் ஏன் அவரு இப்படிக் கெடந்து தவிக்கிறாரு?”

அவர் போன பிறகுதான் எனக்கு ஜனவரி மாதத்து போன் ஞாபகம் வந்தது. கல்லாவில் பில்லும் பணமும் ஒத்துப்போகிறது. மாடியிலும் ஒத்துப்போகிறது. அப்படியென்றால் அன்றைக்குப் பெரியவர் சொன்ன குறை எங்கே போனது?

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பெரியவர் மாடியில் தனியாக இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. “அண்ணே, முதல் வாரம் பையில கொறையுதுன்னு சொன்னீங்களே, அது என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தெனமும்தான் கொறையுது. நான் போட்டுச் சரிக்கட்டிக்கிட்டிருக்கேன்.”

“மூணு மாசமாவா?”

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்துக் கொடுத்தார். வேறு எழுத்தே இல்லை. தேதி, தொகை. தேதி, தொகை. பக்கம் பக்கமாக. எல்லாம் கூட்டினால் ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட வரும்.

“நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க, கல்லாவுலதான் பாக்கணும்னு. கல்லாவுல யாரு இருக்கா? அவன்தான இருக்கான்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அவன் மக எஞ்சினியரிங் சேந்திருக்கு. பீஸ் கட்டச் சிரமப்படுறான் போல. எங்கிட்டக் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு எடுக்கிறான்னு நெனச்சேன். வருஷம் பூரா எடுக்க மாட்டான். நீங்க கணக்குப் பாக்க வரும்போது கொறை தெரிஞ்சா அவன் பேரு கெட்டுப்போகும். அதான் பேங்குல கட்டும்போது என் காசையும் சேத்துக் கட்டிருவேன். தங்கச்சி, இது உங்களோட இருக்கட்டும்.”

நான் டைரியை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஜனவரி இரண்டாம் தேதியைத் திறந்தேன். டைரியில் அன்றைக்கு எழுதியிருந்த தொகையை எங்கோ பார்த்ததுபோல இருந்தது. திரையிலேயே இருந்தது, வரி என்ற பத்தியின் அடியில். மூன்றாம் தேதியைத் திறந்தேன். அதுவும் அப்படியே. நான்கு. ஐந்து. பைசாவை விட்டுவிட்டால் ரூபாய்க்கு ரூபாய் ஒன்று. அன்றன்றைய குறையும் அன்றன்றைய வரியும் ஒரே தொகை. பணம் எடுக்கிறவன் எவனும் வரியைக் கணக்குப் போட்டு எடுக்க மாட்டான்.

கீழே போய்ச் சின்னவரிடம் ஒரு பழைய பில்லின் நகலை வாங்கி வந்தேன். ஓர் எவர்சில்வர் குடமும் இரண்டு தூக்குவாளியும். ஐந்நூற்று இருபது ரூபாய். அந்தக் கடையில் சொல்கிற விலையிலேயே வரி அடக்கம். ஐந்நூறு சரக்கு, இருபது வரி. வாடிக்கையாளர் கொடுத்தது ஐந்நூற்று இருபதுதான். மாடிக் கணக்கில் அதே பில்லைத் தேடி எடுத்தேன். சரக்கு ஐந்நூற்று இருபது. அதன் மேல் வரி இருபது ரூபாய் எண்பது காசு. மொத்தம் ஐந்நூற்று நாற்பது ரூபாய் எண்பது காசு.

கீழிருந்து வந்த விலையில் வரி ஏற்கெனவே உள்ளே இருந்தது. மாடிக் கணக்கு அது தெரியாமல் மேலே இன்னொரு தரம் வரி போட்டது. யாரும் கொடுக்காத பணத்தைத் தினமும் வசூலானதாகக் காட்டியது. விற்பனை ஊதிப்போய்த் தெரிந்ததால் லாபமும் அதிகமாகத் தெரிந்தது. ‘விலையில் வரி அடக்கமா?’ என்று அந்த மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இல்லை’ என்று வைத்தது நான். புதுவருடத்தன்று, சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து நேரே கடைக்கு வந்து, என் கையால் வைத்தது.

மிச்சத்தை அவசரப்படாமல் கேளுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வழி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கட்டத்தை மாற்றிவிடலாம். பெரியவர் தன் கையிலிருந்து போட்ட பணம் எங்கேயும் போகவில்லை, கடையின் பேங்க் கணக்கில்தான் இருக்கிறது. அவரிடம் மட்டும் காதோடு சொல்லி, அதை எடுத்துக் கொடுத்துவிடலாம். தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று அவரே சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். என் பெயரும் தப்பித்துப்போகும்.

ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த மனிதர் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் அண்ணன் ஏன் தவிக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? என் தப்பை மறைத்தால் அவர்மேல் விழுந்த சந்தேகம் பெரியவர் மனசின் ஒரு மூலையில் கிடந்துகொண்டேதான் இருக்கும். இன்னொரு நாள், வேறு ஏதோ ஒரு குறை வந்தால், கை தானாக அதைத்தான் தேடும்.

“அண்ணே, தம்பியக் கூப்பிடுங்க. ரெண்டு பேருகிட்டயும் சேத்துத்தான் சொல்லணும்” என்றேன்.

“எதுக்கும்மா?”

“அவரு எடுக்கல. நான் பண்ண தப்பு.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தானே படியிறங்கிப் போய்க் கூட்டி வந்தார்.

இரண்டு பேருக்கும் அந்தக் குடம் பில்லைக் காட்டினேன். என் தப்பைச் சொன்னேன். சின்னவர் இடுப்பில் கைவைத்து நின்றபடியே, “அட, இம்புட்டுத்தானா மேடம்? மாத்திட்டாப் போச்சு. இதுக்கா அண்ணன் மனைய விட்டாரு?” என்று கேட்டார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. டைரியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அது பெரியவருடையது, சொல்வதும் சொல்லாததும் அவர் பாடு என்று இருந்துவிட்டேன்.

பெரியவர் மேஜையிலிருந்த டைரியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார்.

சின்னவர் நாலைந்து பக்கம் புரட்டினார். அப்புறம் இருவரும் அவர்கள் மொழியில் பேசத் தொடங்கினார்கள். சின்னவர் குரல் உயர்ந்தது. பெரியவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்ததெல்லாம் ‘பேங்க்’, ‘காலேஜ்’ என்ற இரண்டு வார்த்தைதான். வெளியே போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் மவுஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் கடைசியாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். சின்னவர் டைரியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

நான் கீழே போனபோது, ஏற்கெனவே நேராக இருந்த டம்ளர் அடுக்கைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க மெஷினத்தான மேடம் தப்பா வச்சீங்க” என்றார். அடுக்கிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார். “என்னயத் திருடன்னு நெனச்சிட்டீங்களான்னு கேட்டேன். திருடன்னு நெனைக்கலடா, கஷ்டத்துல இருக்கேன்னு நெனச்சேன்னு சொல்றாரு. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது, சொல்லுங்க? சண்ட போடவும் முடியல. ஒரு வார்த்த கேட்டிருந்தாருன்னா அன்னைக்கே தீந்திருக்கும்.”

ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவள் நானும்தான். முதல் வாரம் போன் வந்த அன்றைக்கு, “ஒரு பில்ல எடுத்துப் படிங்கண்ணே, நான் இங்க பாக்குறேன்” என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. மாதக் கடைசியில், அந்தக் குறை எப்படிச் சரியாச்சு என்று கேட்டிருந்தாலும் போதும். கணக்கு ஒத்துப்போனதால் கேட்கவில்லை. நீங்கள் ஒன்றை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குறை வந்த கணக்கைத் துருவுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறையாக இருந்த ஒன்று ஒரு நாள் சத்தமில்லாமல் சரியாகி நின்றால், அங்கேதான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதற்குள்ளே யாராவது ஒருவர் எதையாவது விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அன்று சாயங்காலம், இனி வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். “நீங்க போயிட்டா இந்த மவுஸ் என் பேச்சக் கேக்குமா? பேசாம உக்காந்து சரிபண்ணுங்க தங்கச்சி” என்றார்.

மூன்று மாதக் கணக்கையும் திருத்த ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் சின்னவர் அண்ணனிடம் பேசவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. கல்லாவிலிருந்து மாடிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் போனில் என்னிடம் சொல்வார். “மேடம், திண்டுக்கல்லுல இருந்து குக்கர் லோடு வந்திருக்குன்னு சொல்லிருங்க.” நான் பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் சொல்வேன். அவரும் என்னிடமே பதில் சொல்வார். மனை கை நழுவிப்போனது போனதுதான், புரோக்கர் அதற்குள் வேறு ஆளுக்கு முடித்துவிட்டார். சங்கிலியை மட்டும், பேங்கிலிருந்து பணத்தை எடுத்த அன்றைக்கே, சின்னவரே அடகுக்கடைக்குப் போய் மீட்டு, நேராக அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அதையும் அண்ணனிடம் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது வரி அலுவலகம். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் விற்பனையை அதிகமாகக் காட்டி, வரியும் கொஞ்சம் அதிகமாகக் கட்டியிருந்தோம். திருத்திய படிவம் கொடுக்க வேண்டும். அதிகமாகக் கட்டிவிட்டோம் என்று போய் நின்றால், குறைத்துக் கட்டியவனைவிட நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நேரில் வந்து விளக்கம் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் ஒருத்தி போனால் போதும் என்றேன். பெரியவர் கேட்கவில்லை. கிளம்பும்போது பார்த்தால் சின்னவரும் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி ஓர் அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிவங்களைப் பார்த்தார். ஐந்நூற்று இருபது ரூபாய் பில்லையும் கணக்குத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் விளக்கினேன். ஒரு தரம் அவரே பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சரி, புரியுது. இது யாரு பண்ண தப்பு?”

“நான்தாங்க” என்றேன்.

“இல்லம்மா, என் தப்பு. நான் சரியாப் பாக்கல” என்றார் பெரியவர்.

பின்னால் நின்றுகொண்டிருந்த சின்னவர் முன்னால் வந்தார். “மேடம், பில்லு போட்டது நான். அவருக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது. அவரக் கேக்காதீங்க.”

அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இங்க வர்றவங்க எல்லாரும் நான் இல்ல, நான் இல்லன்னுதான் சொல்வாங்க. நீங்க என்னங்க அடிச்சுக்கிறீங்க?” என்று சிரித்துவிட்டார். “யாராவது ஒரு பார்ட்னர் கையெழுத்துப் போடுங்க. ஒவ்வொரு பக்கமும் போடணும்.”

அந்தக் கடைக்கு எத்தனையோ வருடமாக நான் படிவம் போட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் பெரியவர் கையெழுத்துதான். சின்னவரும் பங்குதாரர்தான், ஆனால் அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை, அவர் போட்டதும் இல்லை. வழக்கம்போலப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு பேனாவைத் தம்பியின் பக்கம் நீட்டி, அவர்கள் மொழியில் என்னவோ சொன்னார். இரண்டே வார்த்தை. அத்தனை வருடத்தில் அது ஒன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சின்னவர் பேனாவை வாங்கிக்கொண்டு மேஜைமேல் குனிந்தார். பழக்கமில்லாத கை. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, தன் பெயரை ஓர் எழுத்து விடாமல் முழுசாக எழுதினார். மொத்தம் பதினான்கு பக்கம். அவர் ஒவ்வொன்றாகப் போடப் போட, பெரியவர் பக்கத்தில் நின்று அடுத்த தாளைப் புரட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.